குழந்தைவேலு எழுதிய கேடி ஷீட்

குழந்தைவேலு மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் போலீஸில் சேர்ந்தோம், ஒரே மைதானத்தில் புழுதி தின்றோம். நான் கான்ஸ்டபிளாகவே கிடந்தேன், அவன் ஏட்டு ஆனான். அதோடு நின்றதா? ஸ்டேஷன் ரைட்டரும் ஆனான். வெயிலில் சைக்கிள் மிதிக்கிற வேலையெல்லாம் எனக்கு, ஃபேனுக்குக் கீழே நாற்காலி அவனுக்கு. காரணம் கேட்டால் கையெழுத்து என்பார்கள். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். அதுவும் ஒரு எரிச்சல்தான்.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். காரைக்குடிக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் பின்பாதி. அப்போது இந்தப் பக்கமெல்லாம் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது.

நாற்காலி போதாதென்று அவனுக்கு நல்ல பெண்டாட்டியும் வாய்த்திருந்தாள், வீரலட்சுமி என்று பேர். போலீஸ் லைனில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. எட்டாவது வரை படித்தவள், பேச்சு குறைவு, முகத்தில் எப்போதும் ஒரு தெளிவு இருக்கும். அவள் அயிரை மீன் குழம்பு வைத்தால் வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். என் வீட்டுக்காரி பொன்னுத்தாயி, "மூக்கை அங்குட்டு வச்சுக்கிட்டு இங்குட்டு சோறு திங்காதீக" என்று தட்டை நகர்த்தி வைப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு தின்பேன்.

இவ்வளவும் இருந்த ஒருத்தன் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டாமா? அந்த மகராசன் பொறாமைப்பட்டது யாரைப் பார்த்து தெரியுமா? ஓடு மாற்றுகிற தங்கச்சாமியைப் பார்த்து.

தங்கச்சாமி, வீரலட்சுமியின் தாய்மாமன் மகன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்ணை வெளியே கொடுக்குமுன் முறைமாப்பிள்ளையைக் கேட்க வேண்டும். அவன் சபையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு சம்மதம் சொன்னால்தான் இன்னொருவன் தாலி கட்டலாம். தங்கச்சாமியும் பந்தலில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த குழந்தைவேலுவைப் பார்த்து, "நல்லபடியா வச்சுக்கங்கண்ணே" என்றானாம். பெண்டாட்டியின் முறைமாப்பிள்ளை நமக்கு அண்ணன் தம்பி முறைதானே. ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. ஆனால் குழந்தைவேலு இதை என்னிடம் சொன்னபோது கல்யாணமாகி ஆறு வருஷம் ஓடியிருந்தது.

"எனக்கு விட்டுக் குடுத்தானாம்ல. பிச்சை போடுற மாதிரில்ல சொன்னான்" என்றான்.

"கிறுக்குப் பயலே, அது சம்பிரதாயம்ப்பா" என்றேன்.

"நீ அவன் சிரிச்சதைப் பார்க்கலை."

அந்தத் தங்கச்சாமிக்குப் பிழைப்பு எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள்ளேயே அமைந்தது கெட்ட நேரம். செட்டியார் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர்கள் மெட்ராஸிலும் மலேயாவிலும் இருப்பார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கும் மழைக்கு முன்னால் ஓடு பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி தேக்கு உத்திரம் வீணாகும். கோடை முழுக்கத் தங்கச்சாமி ஏதாவது ஒரு கூரையின் மேல்தான் இருப்பான். அதில் ஒரு வீட்டுக் கூரையில் நின்றால் போலீஸ் லைன் கொல்லைப்புறம் தெரியும். குழந்தைவேலு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு லைனுக்கு வந்து கொல்லையில் நின்று அந்தக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொடியில் காய்ந்த சேலைகளை அவனே உருவி உள்ளே கொண்டுபோனான்.

பிறகு சீடை வந்தது. வீரலட்சுமியின் அத்தை, அதாவது தங்கச்சாமியின் அம்மா, கோகுலாஷ்டமிக்குச் சுட்ட சீடையை ஒரு தூக்குவாளியில் மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். அவன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான், பொன்னுத்தாயி பார்த்தாள். மத்தியானம் சாப்பிட வந்த குழந்தைவேலு வாளியைப் பார்த்தான். யார் கொண்டுவந்தது என்று தெரிந்ததும் சாப்பிடாமல் ஸ்டேஷனுக்குத் திரும்பிவந்து, பீரோவிலிருந்து வெள்ளைக் காகிதம் எடுத்துத் தங்கச்சாமி பேரில் கேடி ஷீட் திறந்தான்.

கேடி ஷீட் என்றால் பழைய குற்றவாளிக்குப் போலீஸ் வைத்திருக்கிற ஜாதகம். அவன் அங்க அடையாளம், பழைய வழக்குகள், சொந்தக்காரர்கள், கூட்டாளிகள், போய்வரும் இடங்கள் எல்லாம் அதில் ஏறும். ஒருதரம் ஷீட் திறந்துவிட்டால் ராத்திரி பாரா போகிற போலீஸ்காரன் அந்த வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். தங்கச்சாமி மேல் இருந்தது ஒரே ஒரு வழக்கு. அப்போது மதுவிலக்கு இருந்தது, ஏதோ திருவிழாவில் சாராயம் குடித்து அபராதம் கட்டியிருந்தான். அதற்கெல்லாம் ஷீட் திறப்பது என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் திறக்கணும். ஆனால் 'பூட்டிய வீடுகளின் கூரையேறிப் பழக்கம் உள்ளவன்' என்று குழந்தைவேலு தன் முத்தெழுத்தில் எழுதிவைத்தால், அதைப் படித்த டி.எஸ்.பி. கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

நான் பாரா போவதற்காக அந்த ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் தொடுப்பு என்று ஒரு கட்டம் உண்டு. தலைமறைவானால் எந்தப் பெண்பிள்ளை வீட்டில் தேடலாம் என்பதற்காக வைத்த கட்டம். அதில் எழுதியிருந்தது: வீரலட்சுமி, த/பெ உடையப்பன், வலையபட்டி.

ஷீட்டை அவன் முன்னால் நீட்டினேன். "என்னப்பா இது?" என்றேன்.

"தகவல்."

"யாரு குடுத்த தகவல்?"

"எனக்குத் தெரியும்."

"உன் பொண்டாட்டிப்பா."

"அதுக்குத்தான அவ அப்பன் பேரைப் போட்டிருக்கேன். என் பேரையா போட்டேன்?"

கிழித்துப் போடு என்றேன். டி.எஸ்.பி. பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட்டுவிட்டார், இனி ஷீட் ஸ்டேஷன் சொத்து என்றான். யார் பார்க்கப் போகிறார்கள், பீரோவுக்குள்ளேதானே கிடக்கும் என்றும் சொன்னான். இப்படியா ஒருத்தன் தன் வீட்டு விளக்கைத் தானே சாக்கடையில் போடுவான் என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் வருகிறது.

கேடி என்று பேர் விழுந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தங்கச்சாமிக்கு இரண்டு இடத்தில் பேசி, இரண்டும் தட்டிப்போயிற்று. குழந்தைவேலு அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டான். "பார்த்தியா, இன்னும் கல்யாணம் பண்ணலை. யாருக்காக இருக்கான்?" என்று என்னிடமே கேட்டான். அடித்துவிடலாமா என்று இருந்தது. ஏட்டை எப்படி அடிப்பது?

அறுபத்தொன்பதில், பூட்டிக் கிடந்த செட்டியார் வீடுகளில் ஒன்றான விசாலம் ஆச்சி வீட்டில் வெள்ளிச் சாமான் காணாமல் போனது. ஆச்சி மெட்ராஸிலிருந்து வந்து வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். அந்தக் கோடையில் அந்தக் கூரையில் ஏறியவன் தங்கச்சாமி, ஷீட்டும் இருக்கிறது. எஸ்.ஐ. அவனைக் கொண்டுவரச் சொன்னார். விசாரித்தார். எப்படி விசாரித்தார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. விடும்போது தங்கச்சாமியின் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது.

வெள்ளிச் சாமான் எங்கே போயிருந்தது? ஆச்சியின் மகன் பொங்கலுக்கு வந்தபோது பெட்டியில் வைத்து மெட்ராஸுக்கு எடுத்துப் போயிருந்தார், அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார். தெரிந்ததும் ஆச்சி கார் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கே வந்தார்.

"இருவது வருஷமா எங்க வீட்டுக் கூரையில ஏறுறவங்க பரம்பரை அது. திருடணும்னா என்னைக்கோ வீட்டையே பிரிச்சு வித்திருப்பாங்க. நான் சாமானைக் காணலைன்னு சொன்னேன், அவன் கையை ஒடிங்கன்னு சொன்னேனா?" என்று கேட்டார்.

எஸ்.ஐ. சமாதானம் சொல்லப் பார்த்தார். ஆச்சி காதில் வாங்கவில்லை, கலெக்டருக்கு மனு எழுதினார். போலீஸ் அடித்துக் காயப்படுத்தியதாகப் புகார் வந்தால் போலீஸே அதை விசாரித்து முடிக்கக் கூடாது, ரெவின்யூ இலாகா ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆர்.டி.ஓ. வந்து டிராவலர்ஸ் பங்களாவில் உட்கார்ந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"இவனைச் சந்தேகப்பட என்ன காரணம்?" என்று கேட்டார்.

"பழைய கேடி சார், ஷீட் இருக்கு" என்றார் எஸ்.ஐ.

"அப்படியா, அந்த ஷீட்டைக் கொண்டுவாங்க."

எஸ்.ஐ. முகம் சுருங்கிவிட்டது. "அது போலீஸ் ரகசிய ரெக்கார்டு சார். வெளியாளுக்குக் காட்டுறதில்ல."

"நான் வெளியாளா? போலீஸ் செஞ்சது சரியா தப்பான்னு பார்க்க வந்திருக்கேன். அவன் குற்றவாளின்னு நீங்க சொல்றதுக்கு ஆதாரமே அந்தக் காகிதம்தான். அதை நான் பார்க்காம எப்படி எழுதுறது?"

நியாயமான கேள்வி, ஆனாலும் கடிதப் போக்குவரத்து ஆரம்பமானது. ஸ்டேஷனிலிருந்து டி.எஸ்.பி.க்கு, அங்கிருந்து எஸ்.பி.க்கு, எஸ்.பி.யிலிருந்து கலெக்டருக்கு. எங்கள் பக்கத்திலிருந்து போன பதிலையெல்லாம் எழுதியது குழந்தைவேலுதான். ஷீட்டைக் கொடுத்தால் தகவல் சொன்னவர்களின் உயிருக்கு ஆபத்து, இனி எவனும் போலீஸுக்குத் துப்புக் கொடுக்கமாட்டான், குடும்பப் பெண்களின் பெயரெல்லாம் வெளியே வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினான். குடும்பப் பெண்கள் என்ற இடத்தில் அவன் பேனா நின்று நின்று போனதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எஸ்.ஐ.க்குப் பரம சந்தோஷம். தனக்காக இந்த ஏட்டு இப்படி மல்லுக்கு நிற்கிறானே என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதோடு விட்டாரா? ரைட்டர் சொல்கிற மாதிரி இது அவ்வளவு ரகசியமானது என்றால் ஸ்டேஷன் பீரோவில் கிடக்கக் கூடாது என்று, ஷீட்டை எடுத்துத் தன் சொந்த இரும்புப் பெட்டியில் வைத்துச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். குழந்தைவேலு அன்றைக்குச் சிரித்துவைத்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப்பின் அந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு மையைக்கூடக் கொட்ட அவனுக்கு வழி இல்லை.

கடைசியில் கலெக்டர் உத்தரவு வந்தது, ஷீட்டைக் கொடுக்கணும். எஸ்.ஐ. கவரில் போட்டுச் சீல் வைத்து என் கையில் கொடுத்தார். நான் சைக்கிளில் கிளம்பும்போது குழந்தைவேலு வாசல் வரை வந்தான். "முத்துராமா, வழியில கம்மாய் இருக்குல்ல" என்று மட்டும் சொன்னான். சீல் வைத்த கவரைத் தண்ணீரில் போட்டால் என் வேலை போகும், அவன் நாற்காலியில் அவனே இருப்பான். நான் கம்மாய்க்கரையில் நிற்காமல் போய் ஆர்.டி.ஓ. கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆர்.டி.ஓ. ஷீட்டில் கண்ட பேரையெல்லாம் விசாரணைக்கு வரச்சொல்லிச் சம்மன் போடுவதாக ஸ்டேஷனில் பேச்சு வந்தது. குழந்தைவேலு அன்றிலிருந்து தபால்காரர் வருவதற்கு முன்னாலேயே வாசலில் நிற்பான். சம்மன் ஸ்டேஷன் வழியாகத்தான் வரும், வந்ததும் மறைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். போலீஸ் புத்தி. ஆர்.டி.ஓ. ரெவின்யூக்காரர் ஆயிற்றே, அவர் சம்மன் தாசில்தார், கர்ணம் என்று போய், வலையபட்டித் தலையாரி கையில் கொடுத்து, த/பெ உடையப்பன் என்று இருந்த உடையப்பன் வீட்டுக்கே நேராகப் போனது.

உடையப்பன் மறுநாள் காலையில் மருமகனிடம் வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் படியில் நின்றார்.

"மாப்பிள, என் மக பேர்ல தலையாரி என்னமோ கொண்டாந்து குடுத்துட்டுப் போறான். நீங்க போலீசுல இருக்கீக, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. ஆர்.டி.ஓ.ன்னு போட்டிருக்காமே. எங்க மேல என்ன தப்பு?"

குழந்தைவேலு வாங்கிப் படித்தான். திரும்பப் படித்தான். "ஆபீஸ் தப்பு மாமா. போக வேணாம்" என்றான்.

"போகலைன்னா பிடிச்சுட்டுப் போவாகன்னு தலையாரி சொல்றான். நம்ம மேல தப்பில்லைல்ல, போயிட்டு வந்துருவோமே" என்றார் பெரியவர். மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

விசாரணை நாளில் நான் பங்களா வாசலில் காவல். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஆர்.டி.ஓ., ஒரு பக்கம் எஸ்.ஐ.யும் குழந்தைவேலுவும், சுவரோரம் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி தங்கச்சாமி. வீரலட்சுமி அப்பாவோடு நுழைந்ததும் தங்கச்சாமி எழுந்து தள்ளி நின்றான்.

"இவரைத் தெரியுமாம்மா?"

"தெரியும். எங்க மாமன் மகன்."

"உங்க வீட்டுக்கு வருவாரா?"

"ஒரு தரம் வந்தாக. அத்தை குடுத்துவிட்ட சீடையை வாசல்ல வச்சுட்டுப் போயிட்டாக. நான் உள்ள வாங்கன்னுகூடச் சொல்லலை."

ஆர்.டி.ஓ. கொஞ்சம் தயங்கினார். பிறகு ஷீட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "இதில உங்க பேர் வேற மாதிரி இருக்கு. படிக்கத் தெரியுமா?"

அவள் குனிந்து படித்தாள். ஒரு வரிதான், ஆனால் தலையைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று. கல்யாணமான புதிதில் ட்ரெயினிங்கிலிருந்து வாரம் ஒரு கடுதாசி போட்டவனின் எழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? குழந்தைவேலு பக்கம் அவள் திரும்பவில்லை.

"யார் எழுதியிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"இதை எழுதின கைக்கு மூணு வேளையும் சோறு போட்டது நான்தான் சார்" என்றாள்.

உடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். எஸ்.ஐ. வாய் திறந்தபடி நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

"நீங்க எழுதினதா?" என்று ஆர்.டி.ஓ. குழந்தைவேலுவைக் கேட்டார்.

"ஆமா சார்."

"என்ன ஆதாரத்தில?"

அப்போதாவது அவன் காலில் விழுந்திருக்கலாம், கிறுக்குப் பிடித்து எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் மன்னிக்கிற ஜாதிதான், எனக்குத் தெரியும். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு அடி முன்னால் வந்து, ஆர்.டி.ஓ.விடம் கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

"சார், வாசல்ல வந்ததை மட்டும் சொல்றா. அவன் கூரையில நிக்கும்போது கொல்லையில இவ எதுக்கு வந்து நின்னான்னு கேளுங்க சார். நான் கேட்டா சொல்ல மாட்டேங்குறா. நீங்க கேட்டா சொல்லுவா."

ஆர்.டி.ஓ. அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதிலும் குழந்தைவேலு முத்தாகத்தான் கையெழுத்துப் போட்டான்.

வீரலட்சுமி போலீஸ் லைனுக்குத் திரும்பவில்லை. அவள் துணிமணியை எடுத்துக் கொடுத்தது பொன்னுத்தாயி. "இப்படி ஒருத்தி கிடைச்சும் வச்சுக்கத் தெரியலை பாருங்க" என்று என்னிடம் சொன்னாள், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சாமியின் ஷீட்டை மூட உத்தரவு வந்தது. எஸ்.ஐ.யைத் தூக்கி வெகுதூரம் போட்டார்கள். குழந்தைவேலுவின் ஏட்டுப் பட்டையை உருவி, ஆயுதப்படைக்குத் துப்பாக்கி தூக்க அனுப்பினார்கள். ரைட்டர் நாற்காலி காலியானது. அதில் என்னைப் போடவில்லை, யாரோ மதுரைக்காரனைப் போட்டார்கள்.

எழுபத்துநாலில் சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். லீவில் வந்திருந்தான். முடி நரைத்து, சட்டைக் காலர் கிழிந்து, ஆள் பாதியாகியிருந்தான். சுகம் விசாரிக்கவில்லை. எடுத்ததும் கேட்டான்.

"அவ அவன்கூடத்தான இருக்கா?"

"இல்லப்பா" என்றேன். "தங்கச்சாமி அந்தக் கையை வச்சுக்கிட்டு ஓட்டுல ஏற முடியலை. மலேயா போயிட்டான். போறதுக்கு முன்னால மேலூர்ப் பக்கம் கல்யாணம் பண்ணிக்கிட்டான், ஷீட்டை மூடுனதுக்கப்புறம் பொண்ணு குடுத்தாக. ரெண்டு பிள்ளைக இருக்கு."

"அப்ப அவ?"

"சாக்கோட்டைப் பக்கம் ஒரு பால்வாடியில ஆயாவா இருக்கா. தனியாத்தான் இருக்கா. அப்பனும் போயிட்டாரு. நீ எழுதினதுல ஒரு எழுத்துகூட நிசமில்லைப்பா. இன்னிக்காவது அதை ஒத்துக்கோ. போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா. கதவைச் சாத்தமாட்டா."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். சரி, இத்தனை வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். என் பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தேன். அவன் ஜன்னல் பக்கமாக வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஈரம் காயவில்லை, ஆனால் பார்வை மாறியிருந்தது.

"ஆமா, அவ தனியாத்தான் இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "நீ எதுக்கு அங்குட்டுப் போன?"